கைஜிபிஎஸ் கருவியில் எழுதிய ஜியோகேச்சிங் குறிப்புகளைத் தளத்தில் ஏற்றுவதற்கு முன் திருத்துவது எப்படி?

பிறர் ஒளித்து வைத்த பெட்டிகளை ஜிபிஎஸ் துணையோடு தேடிக் கண்டு, அதை இணையதளத்தில் பதியும் விளையாட்டான ஜியோகேச்சிங்கில் புதிதாக இறங்குபவர்கள் பெட்டியைத் தேடிக் கண்டுபிடிப்பதைக் கற்றுக்கொள்ளும் வேகத்தில், கண்டதை எழுதக் கற்றுக்கொள்வதில்லை. கைஜிபிஎஸ் கருவியின் சிறு விசைப்பலகையில் நாலு சொல் தட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கேபிளைச் செருகி, கோப்பை அப்படியே தளத்தில் ஏற்றிவிடுகிறோம். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். பிறகு பதிவுகளை ஒழுங்காக எழுத வேண்டும் என்று முடிவுசெய்து, ஒரு வார இறுதியில் கண்ட 27 பெட்டிகளுக்கும் கணினியில் உட்கார்ந்து தமிழில் விரிவாக எழுதி, கோப்பைச் சேமித்து ஏற்றினேன். தளத்தில் வந்து நின்றவை வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டுமே. அசல் கோப்பின்மேலேயே எழுதிச் சேமித்திருந்ததால் திரும்ப எடுக்கவும் வழியில்லை. சேமிக்கும்போது ஒரே ஒரு தெரிவைக் கவனிக்காததுதான் காரணம். அந்த இரவு எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே முழுமுறையையும் படிப்படியாக எழுதுகிறேன்.

கீழே சொல்லியிருப்பவை கார்மின் நிறுவனத்தின் ஓரிகன், ஈட்ரெக்ஸ், ஜிபிஎஸ்மேப் வரிசைக் கருவிகளையும், ஜியோகேச்சிங் டாட் காம் தளத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வேறு நிறுவனக் கருவி வைத்திருப்பவர்களுக்குக் கோப்பின் பெயரும் இடமும் மாறலாம். திருத்தும் முறை பெரும்பாலும் இதேதான்.

1. கையில் இருக்க வேண்டியவையும் செலவும்

தளத்தில் ஒரு கணக்கு வேண்டும். இலவசக் கணக்கே போதும். கருவியின் குறிப்புகளை வரைவுகளாக (நீங்கள் அனுப்பும்வரை பிறருக்குத் தெரியாத பதிவுகளாக) ஏற்றுவதற்குத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை. கட்டண உறுப்பினராவதால் கிடைக்கும் வசதி, பெட்டிகளின் விவரம், குறிப்பு, பழைய பதிவுகள் ஆகியவற்றை ஜிபிஎஸ் கருவிகள் படிக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பாக மொத்தமாகக் கருவிக்குள் இறக்கிக்கொள்ளலாம் என்பது. அது தேடுவதற்கு உதவும் வசதியே தவிர, பதிவு எழுதுவதற்குத் தேவையானதன்று. ஆகவே இந்த வேலைக்காக மட்டும் பணம் கட்ட வேண்டாம்.

கருவிக்குப் பொருந்தும் யூஎஸ்பி கேபிள் அடுத்த தேவை. பழைய மாதிரிகள் பலவற்றில் மினி யூஎஸ்பி துளையே இருக்கும். கைப்பேசியின் கேபிள் அதில் நுழையாது. இன்னொன்று, சில கேபிள்கள் மின்னேற்றத்துக்கு மட்டுமே பயன்படும், தரவைக் கடத்தா. செருகியதும் கருவி விழித்துக்கொண்டு, கணினியில் மட்டும் எதுவும் தோன்றவில்லை என்றால், கருவி பழுதோ என்று கவலைப்படுவதற்கு முன்னால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

எழுதுவதற்கு விண்டோஸில் நோட்பேட் போதும். நோட்பேட் பிளஸ் பிளஸ் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டுக்கும் செலவில்லை. வேர்ட், எக்செல் ஆகிய இரண்டையும் இந்த வேலைக்குத் திறக்கவே கூடாது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நேரத்தைப் பொறுத்தவரை, 20 பெட்டிகள் கண்ட ஒரு நாளுக்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. முதல் தடவை செய்பவர்கள் ஒன்றரை மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். அதே இரவிலோ மறுநாளோ உட்கார்ந்துவிட வேண்டும். ஒரு வாரம் தள்ளிப் போட்டால், எந்த மூடி உடைந்திருந்தது, எந்தப் பெட்டியின் பதிவேடு (கண்டவர்கள் பெயரெழுதும் சிறு ஏடு) நனைந்திருந்தது என்பதெல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோகும்.

2. பெட்டி இருக்கும் இடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்

பெட்டியைக் கண்டு, பதிவேட்டில் பெயரெழுதி, பழைய இடத்திலேயே மறைத்து வைத்த உடன் கருவியில் முயற்சியைப் பதியும் தெரிவை அழுத்துங்கள். கண்டேன், காணவில்லை, முயலவில்லை, பழுதுபார்க்க வேண்டும் என்று நான்கு வாய்ப்புகள் வரும். ஒன்றைத் தேர்ந்ததும் கருத்து எழுதும் இடம் கிடைக்கும். மாலையில் வண்டியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மொத்தமாகப் பதியலாம் என்று நினைக்காதீர்கள். கருவி பதிவுசெய்வது நீங்கள் பெட்டியைக் கண்ட நேரத்தையன்று, பொத்தானை அழுத்திய நேரத்தை. மொத்தமாக அழுத்தினால் எல்லாப் பதிவுகளும் சில நிமிட இடைவெளியில் குவிந்துவிடும். எதை முதலில் கண்டீர்கள், நூறாவது பெட்டி எது என்பதைப் பிறகு பிரித்தறிய முடியாது.

கருவியின் விசைப்பலகையில் நீளமாக எழுதுவது யாருக்கும் பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஈட்ரெக்ஸ் போன்ற கருவிகளில் ஒவ்வோர் எழுத்துக்கும் சிறு குச்சியை நகர்த்தி நகர்த்தித் தேட வேண்டும். ஆகவே அங்கே எழுத வேண்டியது பதிவன்று, பதிவுக்கான நினைவூட்டல். நான் இரண்டு வகையாக எழுதுகிறேன். அடிக்கடி வரும் செய்திகளுக்குச் சுருக்கக் குறிகள்; அந்தப் பெட்டிக்கு மட்டுமே உரிய செய்திக்கு ஒன்றோ இரண்டோ தனிச்சொற்கள்.

3. சுருக்கக் குறிகளை யோசித்து அமையுங்கள்

பதிவேடு நனைந்திருந்தது, பதிவேடு நிரம்பிவிட்டது, மூடி சரியாக மூடவில்லை, பேனா இல்லை, கருவி காட்டிய இடத்திலிருந்து பெட்டி தள்ளியிருந்தது என்று திரும்பத் திரும்ப எழுத நேரும் பத்துப் பன்னிரண்டு செய்திகளுக்கு ஒவ்வொரு குறி வைத்துக்கொள்ளுங்கள். இதில் இரண்டு பொறிகள் உண்டு. இரண்டிலும் நான் விழுந்து எழுந்திருக்கிறேன்.

முதலாவது, எண்களை ஒற்றை இலக்கத்தில் தொடங்குவது. எஸ்1, எஸ்2 என்று தொடங்கி எஸ்10, எஸ்11 வரை போனால், கணினியில் எஸ்1 என்பதைத் தேடி மாற்றும்போது எஸ்10, எஸ்11 ஆகியவற்றின் முன்பாதியும் சேர்ந்து மாறிவிடும். ‘பதிவேடு நனைந்திருந்தது0’ என்று வாக்கியத்தின் நடுவே ஒரு சுழியம் ஒட்டிக்கொண்டு நிற்கும். எஸ்01, எஸ்02 என்று முதலிலிருந்தே இரண்டு இலக்கமாக வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது பொறி இதைவிட மோசமானது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஜிசி என்று தொடங்கும் ஒரு குறியீடு இருக்கிறது. அதில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்து வரும். நீங்கள் எக்ஸ்01 என்பதைச் சுருக்கக் குறியாக வைத்திருந்து, ஏதோ ஒரு பெட்டியின் குறியீட்டுக்குள்ளும் அதே மூன்று எழுத்துகள் அடுத்தடுத்து வந்துவிட்டால், தேடி மாற்றும்போது பெட்டியின் குறியீடே சிதைந்துபோகும். அந்த வரி தளத்தில் ஏறாது. இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. ஜிசி குறியீடுகளில் ஆங்கிலத்தின் ஐ, எல், ஓ, எஸ், யு ஆகிய ஐந்து எழுத்துகள் பயன்படுத்தப்படுவதே இல்லை. எண்களோடும் பிற எழுத்துகளோடும் குழம்பக் கூடியவை என்பதால் ஐ, ஓ போன்றவற்றை விலக்கியிருப்பது நமக்கு வசதியாகிவிட்டது. அதனால்தான் என் குறிகளெல்லாம் எஸ் எழுத்தில் தொடங்குகின்றன. தேதியிலும் நேரத்திலும் அந்த எழுத்து வராது. சாதாரணச் சொற்களில் வந்தாலும் அதையடுத்து இரண்டு எண்கள் வருவதில்லை.

குறிகளின் பட்டியலை ஒரு சிறு தாளில் எழுதிக் கருவியின் உறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பத்து தடவை வெளியே போய்வந்தால் மனப்பாடமாகிவிடும்.

4. கோப்பை நகலெடுங்கள், அசலைத் தொடாதீர்கள்

கருவியைக் கணினியோடு இணைத்ததும் அது ஒரு வெளிச்சேமிப்பகம் போலத் தோன்றும். அதற்குள் கார்மின் என்ற கோப்புறையைத் திறந்தால், ஜியோகேச், விசிட்ஸ் என்ற இரு ஆங்கிலச் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு இட்ட பெயரோடு ஓர் உரைக்கோப்பு இருக்கும். அதுதான் உங்கள் வருகைக் கோப்பு. அதைக் கணினியில் தனிக் கோப்புறை ஒன்றுக்கு நகலெடுத்து, பெயரோடு தேதியைச் சேருங்கள். பிறகு அந்த நகலுக்கு இன்னொரு நகலெடுத்து, அந்த இரண்டாம் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். கருவியிலிருந்தபடியே கோப்பைத் திறந்து திருத்துவது, நடுவில் கேபிள் அசைந்தாலே எல்லாவற்றையும் இழக்கக் கூடிய காரியம். நகலெடுத்து முடிந்ததும் பாதுகாப்பாக வெளியேற்றும் தெரிவை அழுத்திய பிறகே கேபிளை உருவுங்கள்.

விண்டோஸ் கோப்புப் பெயரின் பின்னொட்டை மறைத்து வைத்திருக்கும் என்பதால், பெயர் மாற்றும்போது டிஎக்ஸ்டி என்ற பின்னொட்டு இரண்டு தடவை சேர்ந்துவிடுவது உண்டு. பின்னொட்டுகளைக் காட்டும்படி அமைப்பை ஒருமுறை மாற்றி வைத்துவிடுங்கள்.

5. ஒரு வரியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு வரி இருக்கும். ஒவ்வொரு வரியிலும் காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட நான்கு பகுதிகள்: பெட்டியின் ஜிசி குறியீடு, தேதியும் நேரமும், பதிவின் வகை, கடைசியாக, இரட்டை மேற்கோள்குறிகளுக்குள் உங்கள் கருத்து. தேதியும் நேரமும் 2024-03-09டி08:14இசட் என்னும் வடிவத்தில் இருக்கும் (கோப்பில் டி, இசட் இரண்டும் ஆங்கில எழுத்துகள்). கடைசியில் நிற்கும் இசட் என்பது, அந்த நேரம் உங்கள் ஊர் நேரமன்று, உலகப் பொது நேரம் என்பதற்கான அடையாளம்.

இந்த நான்கில் நீங்கள் தாராளமாகக் கைவைக்கக் கூடியது நான்காவது பகுதி மட்டுமே. முதல் பகுதியைத் தொடவே வேண்டாம். மூன்றாவது பகுதியால் ஒரு வரியையே நீக்க வேண்டிய தேவை சில சமயம் வரும். கருவியில் தவறுதலாகக் ‘காணவில்லை’ என்பதை அழுத்திவிட்டு, பத்து நிமிடம் கழித்துப் பெட்டியைக் கண்டிருப்பீர்கள். அப்போது ஒரே குறியீட்டுக்கு இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரியை நீக்கிவிடுங்கள். முயலவில்லை என்ற வகையில் இருக்கும் வரிகளையும் இந்த நிலையிலேயே நீக்குவது நல்லது. போகாத இடத்துக்குப் பதிவு தேவையில்லை.

6. கருத்தை விரித்தெழுதுங்கள்

முதலில் தேடி மாற்றும் வசதியால் சுருக்கக் குறிகளை வாக்கியங்களாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றும் பொத்தானை அழுத்துவதற்கு முன், அந்தக் குறி எத்தனை இடங்களில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தால் எங்கோ தவறான இடத்தில் பொருந்துகிறது என்று பொருள். அதன்பின் ஒவ்வொரு வரியாகப் போய், தனிச்சொற்களை வைத்துக்கொண்டு அந்தப் பெட்டிக்கு உரியதை எழுதுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டத்திலிருந்தே பார்க்கலாம். கருவியில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: எஸ்01 எஸ்03 பல்லி, 3 தாள், பை. எஸ்01 என்றால் பதிவேடு நனைந்திருந்தது. எஸ்03 என்றால் மூடி சரியாக மூடவில்லை. திருத்திய பிறகு அது இப்படி ஆனது:

‘வேருக்கடியில் கையை நீட்டியதும் ஒரு பல்லி ஓடியதில் திடுக்கிட்டுப் பின்வாங்கி, இரண்டாம் முயற்சியில்தான் பெட்டியை எடுத்தேன். மூடியின் ஒரு பக்கக் கொக்கி தளர்ந்திருப்பதால் சரியாக மூடவில்லை. பதிவேட்டின் கடைசி 3 தாள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. முடிந்தவரை துடைத்து, என்னிடமிருந்த ஜிப் பைக்குள் பதிவேட்டைப் போட்டு வைத்திருக்கிறேன். முதல் தாள்களில் இன்னும் எழுத இடம் இருக்கிறது. பெட்டியை வைத்தவருக்கு நன்றி.’

பெட்டியை வைத்தவர் இதைப் படித்தால் எந்தப் பக்கக் கொக்கி தளர்ந்திருக்கிறது, போகும்போது என்ன எடுத்துப் போக வேண்டும், இன்றே போக வேண்டுமா அடுத்த வாரம் போனால் போதுமா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வெறும் ‘நன்றி’ மட்டும் இருந்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒருவர் தம் நேரத்தையும் பணத்தையும் செலவிட்டுப் பெட்டியை வைத்துப் பராமரிக்கிறார். அவருக்குத் திரும்பக் கிடைப்பது இந்தப் பதிவு மட்டும்தான். ‘காணவில்லை’ என்ற பதிவுக்கும் இதே அக்கறை தேவை. எங்கெங்கே தேடினீர்கள், எவ்வளவு நேரம் தேடினீர்கள், அந்த இடத்தில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று எழுதினால், பெட்டி தொலைந்துவிட்டதா நீங்கள் தவறவிட்டீர்களா என்பதை அவரால் ஊகிக்க முடியும். ஆனால் மறைவிடத்தை வெளிப்படுத்தாதீர்கள். மேலே உள்ள எடுத்துக்காட்டில் ‘வேருக்கடியில்’ என்ற சொல்லை நான் கடைசியில் நீக்கிவிட்டுத்தான் அனுப்பினேன்; அதை நீக்கினாலும் செய்தி எதுவும் குறையவில்லை.

சுருக்கக் குறி இருக்கிறதே என்று, ஒரே பத்தியை 20 பெட்டிகளுக்கும் பொருந்தும்படி எழுதி ஒட்டிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். அன்றைய பயணத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் எல்லாப் பதிவுகளுக்கும் பொதுவாக இருப்பதில் தவறில்லை. அதற்குக் கீழே அந்தப் பெட்டிக்கே உரிய ஒரு வாக்கியமாவது இல்லையென்றால், அந்தப் பதிவை எழுதியதும் எழுதாததும் ஒன்றே.

விரித்தெழுதும்போது கவனிக்க வேண்டிய தொழில்நுட்பப் பொறிகள் சில உண்டு.

கருத்துக்குள் இரட்டை மேற்கோள்குறி போடாதீர்கள். கருத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அந்தக் குறிதான் காட்டுகிறது; நடுவில் இன்னொன்று வந்தால் மீதி எழுத்து காணாமல் போகலாம், அடுத்த வரியும் குழம்பலாம். யாராவது சொன்னதை எடுத்துக்காட்ட வேண்டுமென்றால் ஒற்றைக் குறியே போதும். காற்புள்ளியால் பிரச்சினை இல்லை, அது மேற்கோள்குறிகளுக்குள் பாதுகாப்பாக இருக்கிறது. பத்தி பிரிக்க வேண்டுமென்றால் கோப்பில் வரியை உடைக்காமல், தளத்தில் வரைவைத் திறக்கும்போது பிரித்துக்கொள்ளுங்கள்.

வேர்டும் மேக் கணினியின் டெக்ஸ்ட்எடிட்டும் நீங்கள் தட்டும் நேரான மேற்கோள்குறிகளை வளைந்தவையாகத் தாமாகவே மாற்றிவிடும். கண்ணுக்கு அழகாக இருக்கும் அந்தக் குறியைத் தளம் எல்லைக்குறியாக எடுத்துக்கொள்ளாது. ‘காணவில்லை’ என்பதற்கான ஆங்கிலத் தொடரிலும் ஒரு மேற்குறி இருப்பதால், அதுவும் வளைந்துபோனால் பதிவின் வகையே அடையாளம் தெரியாமல் போகக்கூடும். மேக்கில் டெக்ஸ்ட்எடிட்தான் இருக்கிறது என்றால், முதலில் எளிய உரையாக மாற்றி, வளைந்த குறிகளுக்கான தெரிவை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். எக்செலின் தொல்லை வேறு வகை. நான்கு பகுதிகளும் நான்கு நெடுவரிசைகளாக வந்து நிற்பதைப் பார்த்து இதுவே வசதி என்று தோன்றும். சேமிக்கும்போது அது தேதியின் வடிவத்தையும் மேற்கோள்குறிகளையும் தன் விருப்பப்படி மாற்றிவிடும்.

நீளத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு பதிவில் 4000 எழுத்துக்குறிகள்வரை எழுதலாம். தமிழில் எழுதுபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: யூனிகோடில் ‘க்’ என்பது ககரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறிகள், ‘கொ’ என்பதும் அவ்வாறே இரண்டு. ஆகவே நம் கண்ணுக்கு 2500 எழுத்தாகத் தெரியும் பத்தி, கணக்கில் அதைவிடக் கணிசமாகக் கூடிவிடும். மிக நீண்ட பயணக்கதை எழுதுபவர்களுக்கு மட்டுமே இது இடிக்கும்.

தமிழில் எழுதும்போது, பெட்டியை வைத்தவருக்குத் தமிழ் தெரியுமா என்பதையும் எண்ணிப் பாருங்கள். தெரியாது என்று தோன்றினால், மூடி தளர்ந்திருப்பது, பதிவேடு நனைந்திருப்பது போன்ற பராமரிப்புச் செய்திகளை அவர் பெட்டியின் விவரத்தை எழுதியிருக்கும் மொழியிலும் ஒரு வரி சேர்த்துவிடுவது என் வழக்கம். அனுபவத்தைத் தமிழிலும், அவர் செயல்பட வேண்டிய செய்தியை இரு மொழியிலும் எழுதினால் யாருக்கும் குறையிருக்காது.

பெட்டிக்குள் பயண வில்லை (பெட்டிக்குப் பெட்டி கைமாறிப் போகும், குறியீடு பொறித்த தகடு) போன்ற பொருளை எடுத்திருந்தால், அதன் மேல் பொறித்திருக்கும் தடக்குறியீட்டை மறக்காமலிருக்கக் கருவியிலேயே குறித்திருப்பீர்கள். அந்தக் குறியீடு, பொருளைக் கையில் எடுத்தவருக்கு மட்டும் தெரிய வேண்டிய ரகசியம். பதிவில் அது அப்படியே வெளியானால், பொருளைப் பார்க்காதவர்களும் பார்த்ததாகப் பதிந்துகொள்ளலாம். அதை வேறொரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, கோப்பிலிருந்து நீக்கிவிடுங்கள்.

7. சரியான குறியாக்கத்தில் சேமியுங்கள்

என் 27 பதிவுகளையும் கேள்விக்குறிகளாக்கிய இடம் இதுதான். கார்மின் கருவிகள் பல, வருகைக் கோப்பை யுடிஎஃப்-16 என்ற குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் ஒரு முறையில், எழுதுகின்றன. அதில் தமிழ் எழுத்துகளுக்கு இடம் உண்டு. சேமிக்கும்போது குறியாக்கம் ஆன்சி என்ற பழைய முறைக்கு மாறிவிட்டால், தமிழ் எழுத்துகளுக்கு அதில் இடமில்லாததால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி வந்து உட்காரும். அதன்பின் குறியாக்கத்தைத் திரும்ப மாற்றினாலும் எழுத்து திரும்பாது; கோப்பில் அப்போது இருப்பது உண்மையாகவே கேள்விக்குறிதான்.

நோட்பேடில் கோப்பைத் திறந்ததும் கீழ்ப்பட்டையில் குறியாக்கத்தின் பெயர் தெரியும். அதைக் குறித்துக்கொண்டு, மறுபெயரில் சேமிக்கும் சாளரத்திலும் அதே பெயர் தேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய நோட்பேடில் இதே குறியாக்கம் யூனிகோட் என்ற பெயரில் இருக்கும். ஆன்சியில் சேமிக்கப் போனால் சில எழுத்துகள் இழக்கப்படும் என்று நோட்பேடே ஓர் எச்சரிக்கை காட்டும்; நான் அதைப் படிக்காமல் சரி என்று அழுத்தியவன். சேமித்ததும் கோப்பை மூடி, மறுபடி திறந்து, தமிழ் தமிழாகவே இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

8. தேதியைச் சரிபாருங்கள்

கோப்பில் இருப்பது உலகப் பொது நேரம் என்பதால், உங்கள் ஊர் நேரம் அதற்கு முந்தியிருந்தால் விடியற்காலையில் கண்ட பெட்டி கோப்பில் முந்தைய நாளாகத் தெரியும். பிந்தியிருந்தால் இரவில் கண்டது மறுநாளாகத் தெரியும். கோப்பில் இதைக் கண்டு பதறி நேரத்தை மாற்றிவிடாதீர்கள். தளத்தில் வரைவு வந்தபின் அங்கே காட்டும் தேதியைப் பார்த்து, தவறாக இருந்தால் அங்கேயே மாற்றுவதுதான் பாதுகாப்பானது. நடுப்பகலில் கண்டவற்றுக்குப் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வராது; அதிகாலை, பின்னிரவுப் பதிவுகளை மட்டும் தனியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

9. வரைவுகளாக ஏற்றுங்கள்

தளத்தில் உங்கள் கணக்குக்குள் வரைவுகள் என்ற பகுதி இருக்கிறது. முன்பு அதைக் களக்குறிப்புகள் என்று அழைத்தார்கள், பழைய விளக்கங்களில் அந்தப் பெயரே இருக்கும். கோப்பை ஏற்றும் இடத்தில், குறிப்பிட்ட தேதிக்கு முந்தைய பதிவுகளைத் தவிர்க்கும் தெரிவு ஒன்று உண்டு. கருவி பழைய வரிகளை அழிக்காமல் புதியவற்றைக் கீழே சேர்த்துக்கொண்டே போவதால் இந்தத் தெரிவு அவசியம். அதைக் கவனிக்காமல் ஏற்றினால், ஆறு மாதத்துக்கு முன் பதிந்த பெட்டிகளும் மறுபடி வரைவுகளாக வந்து நிற்கும். மாறாக, போன தடவை ஏற்ற மறந்த பழைய வரிகள் உங்களிடம் இருந்தால், அதே தெரிவு அவற்றையும் சத்தமில்லாமல் தவிர்த்துவிடும். நான் இந்த இரண்டு தொல்லையும் வேண்டாமென்று, ஏற்றும் நகலில் இந்தப் பயணத்தின் வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடுகிறேன். அதன்பின் தவிர்க்கும் தெரிவைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை.

ஏற்றியதும் எண்ணிக்கையைப் பாருங்கள். கோப்பில் 20 வரி இருந்து 19 வரைவு வந்தால், எங்கோ ஒரு மேற்கோள்குறி தவறியிருக்கிறது. வராத பெட்டிக்கு மேலே உள்ள வரியைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். பழுது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

10. ஒவ்வொன்றாக அனுப்புங்கள்

வரைவுகள் உங்களுக்கு மட்டுமே தெரியும்; நீங்கள் அனுப்பும்வரை பெட்டியை வைத்தவருக்கு எதுவும் போகாது. ஆகவே இது கடைசி வாய்ப்பு. மிகப் பழைய நேரத்தில் தொடங்கி வரிசையாக அனுப்புங்கள். அப்போதுதான் கண்ட எண்ணிக்கை கண்ட வரிசையிலேயே ஏறும். ஒவ்வொரு வரைவிலும் தேதி, பதிவின் வகை, பத்திப் பிரிவு ஆகிய மூன்றையும் பார்த்து, கருவியில் எடுத்த படம் இருந்தால் மறைவிடம் தெரியாத படத்தை மட்டும் சேருங்கள். பயணப் பொருள்களைப் போட்டதும் எடுத்ததும் இங்கேதான் குறிக்கப்படும்.

பெட்டிக்குப் பராமரிப்பு தேவை என்றால், கண்டதற்கான பதிவில் எழுதியதோடு நிறுத்தாமல், உரிமையாளரின் கவனத்தைக் கோரும் தெரிவையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். பல பெட்டிகள் வைத்திருப்பவர் ஒவ்வொரு பதிவையும் வரிவரியாகப் படிக்க முடியாது. அந்தக் கோரிக்கை தனியாகக் கண்ணில் படும். சிறு ஈரத்துக்கெல்லாம் அதை அழுத்த வேண்டாம். பதிவேட்டில் எழுதவே முடியவில்லை, மூடி உடைந்திருக்கிறது, பெட்டி வெளியே தெரியும்படி கிடக்கிறது என்ற நிலைகளுக்கு அது பொருந்தும்.

11. அடுத்த பயணத்துக்கு முன்

எல்லா வரைவுகளையும் அனுப்பி முடித்த பிறகே கருவியிலுள்ள வருகைக் கோப்பை அழிப்பதைப் பற்றி யோசியுங்கள். அழித்தால் அடுத்த முயற்சியைப் பதியும்போது கருவி புதிய கோப்பைத் தொடங்கிக்கொள்ளும். அழிப்பதற்கு முன் கணினியிலுள்ள அசல் நகல் திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். நான் அசல் நகலையும் திருத்திய நகலையும் தேதி வாரியாக வைத்திருக்கிறேன்; இரண்டும் சேர்ந்தே சில கிலோபைட்தான். பழைய பதிவில் ஒரு தேதியைக் குறித்துக் கேள்வி வந்தபோது, கருவி எழுதிய முதல் வரியைத் திறந்து பார்த்து இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல முடிந்தது.

புதிதாக ஏதாவது செய்தியை மூன்று பெட்டிகளுக்கு மேல் கையால் எழுத நேர்ந்திருந்தால், அதற்கும் ஒரு குறி வைத்து, உறைக்குள் இருக்கும் தாளில் இன்றே சேர்த்துவிடுங்கள்.